இல்லத்துப் பூசலும் இளஞ்சிறார் உள்ளமும்



இல்லறத்துக்கு உயிராவது அன்பு. அவ்வன்பு கணவன் மனைவி என்னும் இருவரிடத்துத் தோன்றி, மக்களிடத்துப் பெருகி, சுற்றத்தாரிடத்தும் அடியாரிடத்தும் விரிந்து, முடிவிற் சிவத்தினிடத்துச் சென்று சேரும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. அன்பு தோன்றுதற்குரிய அவ்விடத்திலேயே அடியும் வசையும் தோன்றுமாயின், அதனைக் கண்டு வளருங் குழந்தையின் உள்ளம் என்னாகும்? அங்ஙனம் நொந்த உள்ளத்தை மீள நலமுறச் செய்தல் கூடுமோ? கூடுமெனின் அஃது யாவர் கடன்? இம்மூன்று வினாக்களையும் ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

சமய உண்மைகளை ஆராய்தற்குரிய பத்திரிகையில் அடுக்களைச் சண்டைகளை எடுத்துப் பேசுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். சைவ மறுமலர்ச்சியின் தொடக்கத்தை நோக்கின் அவ்வையம் நீங்கும். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது, முதலாவதாகக் கருதியது சிறுவரையே. சிறுவர்க்கென்றே பாலபாடங்களையும் எழுதினார்கள். சிறுவர் உள்ளம் கெடின் சமயம் நிலைபெறாது என்பது அவர்கள் துணிபு. அவ்வழி வந்த நாம், பிள்ளைகள் திருமுறையைப் பிழையின்றி ஓதுகின்றனரோ என்று மட்டும் நோக்கி, ஓதும் அப்பிள்ளை முன்னிரவிலே யாது கண்டு நடுங்கியதென்று நோக்காதொழியின், நம் பணி பாதிப்பணியேயாம்.

இத்தீமை நம்மிடத்தில் இல்லையென்று சொல்லுதற்கும் இடமில்லை. இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019-ஆம் ஆண்டில் நாடெங்கும் பெண்களை வினாவி நடாத்திய ஆய்வில், கணவனோடு அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் தம் வாழ்நாளில் அவர்தம் கையால் உடற்றுன்பமோ பாலியற்றுன்பமோ அடைந்தவர் எனக் கண்டது. இன்ன இனத்தாரிடத்துண்டு, இன்ன சமயத்தாரிடத்து இல்லை என்று பிரித்தற்கரியதாய் எங்கும் பரந்துள்ள தீமை இது. திருநீறணிந்த நெற்றியுடையாரது இல்லமும் இதற்கு விலக்கன்று.

வத்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களில் வாழும் நமக்கு இவ்விடயத்தில் ஒரு தனிக்குறையும் உண்டு. ஊரிலே ஒரு வளவுக்குள் நான்கு குடும்பம் இருக்கும். ஒரு வீட்டிற் சத்தம் எழுந்தால், பெரியப்பா படலையைத் திறந்துகொண்டு வருவார். அம்மம்மா பிள்ளைகளைக் கையிற் பிடித்துத் தம் வீட்டிற்கு அழைத்துச்சென்று சோறூட்டி உறங்க வைப்பார். மாமன் மறுநாட் காலையில் வந்து நின்று நியாயங் கேட்பார். அவ்வேற்பாடு எல்லா வீட்டையும் காத்ததென்று சொல்லோம்; பல வீடுகளிலே தீமையை மூடிவைக்கவும் அதுவே உதவிற்று. ஆயினும் அன்றிரவு அப்பிள்ளைக்கு ஒதுங்க ஒரு மடியிருந்தது. போரினாலும் பிழைப்பினாலும் யாழ்ப்பாணத்தினின்றும், மட்டக்களப்பினின்றும், மலைநாட்டினின்றும் பெயர்ந்து களனி கங்கைக்கு இப்பாலும் அப்பாலும் குடியேறிய நமக்கு, அடுத்த கதவில் உள்ளார் யாவரென்பதும் தெரியாது. மாடிவீடுகளில் ஒரு சுவருக்கு அப்பாலிருந்து அழுகுரல் கேட்கின்றது. கேட்டவர் வானொலியின் ஒலியைக் கூட்டிவைக்கின்றார். சுற்றத்தார் உள்ளவிடத்துச் சுற்றத்தார் செய்தது, சுற்றத்தார் இல்லாவிடத்து யாவர் செய்வது? இவ்வினாவிற்கு விடை இறுதியிற் கூறுவாம்.

இனிக் காண்டலால் விளையுங் கேடு யாதென நோக்குவாம். அடி தாயின்மேல் விழுந்தது. பிள்ளையை யாருந் தொடவில்லை. ஆதலாற் பிள்ளைக்கு ஊறில்லை எனப் பலர் எண்ணுகின்றனர். இது பெரும்பிழை. குழந்தைக்குத் தாயே உலகம். அவ்வுலகம் தன் கண்முன்னே தாக்கப்படுகையில், குழந்தை தன்னுயிர்க்கு வந்த இடராகவே அதனை உணர்கின்றது. அச்சங் கொண்ட உடம்பில் நெஞ்சு படபடக்கும், தசைகள் முறுகும், ஓடுதற்கும் எதிர்த்தற்கும் வேண்டிய சுரப்புக்கள் குருதியிற் பெருகும். ஓரிரவு வந்து போகும் அச்சமாயின் உடம்பு மீளத் தன்னிலை அடையும். வாரந்தோறும் வரும் அச்சமாயின், ஆபத்தை அறிவிக்கும் மூளைப்பகுதி ஓய்வின்றி விழித்தேயிருக்கப் பழகிவிடும். அப்பிள்ளை கதவு சாத்தும் ஒலிக்கும் திடுக்கிடும். படிக்கட்டில் ஏறும் தந்தையின் காலடியைக் கேட்டே அன்றைய இரவு எத்தகையதென்று கணிக்கும்.

அந்நோவு வயதுக்கு வயது வேறுபட்டுத் தோன்றும். சிறு குழந்தை பாயில் நீர்விடுதலை மறந்திருந்தும் மீளத் தொடங்கும். பேசிக்கொண்டிருந்தது பேச்சுக் குறையும். தாயின் சேலைத் தலைப்பை விடாது. பள்ளிப்பிள்ளைக்கு வைத்தியர் காரணங்காணா வயிற்றுவலியும் தலைவலியும் வரும். வகுப்பிற் கண் கரும்பலகையிலிருக்க மனம் வீட்டிலிருக்கும். ஆசிரியர் அதனை மந்தம் என்பர். வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவன் வீட்டிற்கு வரவே விரும்பான். ஒருவன் தன் தங்கையின்மேற் கையோங்குவான். ஒருத்தி தாய்க்குத் தாயாகித் தம்பியரைக் காக்கும் பொறுப்பனைத்தையுந் தன் தலைமேற் போட்டுக்கொள்வாள். இவையெல்லாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. 'நான் பாத்திரத்தை உடைத்தமையாலேயே அப்பா அம்மாவை அடித்தார்' என்று பிள்ளை தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்ளுதல். 'அடி விழும்போது நான் கட்டிலின்கீழ் ஒளிந்திருந்தேன். அம்மாவைக் காக்கவில்லை' என்று ஆண்டுக்கணக்காக உள்ளே வருந்துதல். இவ்வெண்ணத்தைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆதலால் யாரும் அதற்கு மறுமொழி கூறுவதுமில்லை.

இவை வெறும் ஊகமல்ல. நம்நாட்டு வடகிழக்குத் தமிழ் மாணவர் 296 பேரை நேரில் வினாவி, 2008-ஆம் ஆண்டில் ஆய்வாளர் சிலர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அப்பிள்ளைகள் போரையுங் கண்டவர். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையுங் கண்டவர். அவ்விரண்டும் அவர்தம் உள்ளத்தில் விட்ட வடுவோடு, வீட்டினுள்ளே நிகழும் வன்முறையுந் தனியே ஒரு வடுவை விட்டிருந்தது. தந்தையின் குடிப்பழக்கம் அவ்வன்முறையை மிகுவித்ததென்றும் அவர் கண்டனர். குண்டுக்குத் தப்பிய பிள்ளைக்கும் வீடு அரணாகவில்லை என்பதே இதன் பொருள். அமெரிக்க நாட்டுச் சான் டியேகோ நகரில் 9,508 வளர்ந்தோரை வினாவி 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட பிறிதோர் ஆய்வு, இளமையில் நேரும் துன்பங்களை ஏழு வகையாகப் பகுத்தது. தாய் வன்முறைக்கு ஆளாதலைக் காண்பது அவ்வேழனுள் ஒன்று. அவற்றுள் நான்கும் அதற்கு மேலும் அடைந்தவர்க்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி முதலியவை பன்மடங்கு மிக்கிருந்தமையை அது காட்டிற்று. கண்ணாற் பெற்ற காயம் காலத்தால் தானே ஆறிவிடும் என்று இருத்தல் தகாது.

இனி இவ்விடயத்தில் நம்மவர் கூறும் தடைகள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்வாம்.

முதலாவது தடை: 'அப்பிள்ளை அவ்வீட்டிற் பிறந்தது அதன் வினைப்பயன், பிராரத்தம் அனுபவித்தே தீரவேண்டும், இடையிற் புகுவதற்கு நாம் யார்?' என்பது. சைவ சித்தாந்தங் கற்றாரும் சிலவேளை இங்ஙனங் கூறுதல் வருந்தத்தக்கது. வினை உண்டென்பதும், அதனை ஊட்டுவோன் இறைவனென்பதும் நம் கொள்கையே. ஆயின் எவ்வுயிர்க்கு எவ்வினை எவ்வளவிற் பலிக்கும் என்பதை அளந்தறியும் அறிவு இறைவனொருவனுக்கே உரியது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பிராரத்தக் கணக்கை நம் கையிற் கொடுத்தவர் யாவர்? நமக்கு வெளிப்படையாகத் தெரிவது நம்முடைய ஆகாமியம் ஒன்றே. அழுகுரல் நம் செவியில் விழுந்த அக்கணத்தில், எழுந்து செல்வதும் வினை, எழாதிருப்பதும் வினை. காய்ச்சலுற்ற பிள்ளையைப் பிராரத்தம் என்று சொல்லி எவரேனும் மருந்தின்றி விடுவரோ? விடார். உடம்பின் காய்ச்சலுக்கு வைத்தியரைத் தேடுவோர் உள்ளத்தின் காய்ச்சலுக்கு மட்டும் வினைக்கொள்கையைத் துணைக்கழைத்தல், கொள்கையின்மேற் பற்றாலன்று. தொந்தரவிற் படாதிருக்கும் விருப்பத்தால். துன்பம் வந்தது வினையாலாயின், அதனை நீக்க ஒருவர் வந்து நிற்பதும் அவ்வினைவழியே திருவருள் கூட்டியதாகாதோ? அவ்வொருவர் நாமாகுக.

இரண்டாவது தடை: 'குடும்ப விடயம் குடும்பத்துக்குள்ளே இருக்கவேண்டும், வெளியே வந்தால் மானம் போகும், பிள்ளைகளின் பொருட்டேனுந் தாய் பொறுக்கவேண்டும்' என்பது. பொறுமையை யாம் இகழோம். பல தாய்மார் பிள்ளைகளின் பொருட்டே எல்லாவற்றையும் சகித்திருக்கின்றனர். போக இடமின்மையும், கையிற் பணமின்மையும், ஊர்வாய்க்கு அஞ்சுதலும் அவரைக் கட்டிவைக்கின்றன. அவர்மேற் குற்றஞ் சாட்டுதல் காயத்தின்மேற் கல்லெறிதலாம். அவர்க்கு அறிவுரை கூறும் நம்மை நோக்கியே யாம் வினவுகின்றாம்: பிள்ளைகளுக்காகப் பொறு என்கின்றோமே, அப்பொறுமையினின்றும் பிள்ளைகள் கற்பது யாது? வலியவன் அடிப்பது வழக்கம் என்று மகன் கற்கின்றான். அடிபடுதல் பெண்ணின் விதி என்று மகள் கற்கின்றாள். நாம் காத்ததாக எண்ணும் மானத்திற்கு விலை அடுத்த தலைமுறையின் இல்லறம். மானம் போவது அடித்த கையினாலேயன்றி, அழுத வாயினாலன்று.

மூன்றாவது தடையே மெய்யாகக் கடினமானது. தாய்தந்தையரைக் கண்கண்ட தெய்வமெனப் போற்றுமாறு பிள்ளைகளுக்கு ஏடு தொடங்கிய நாள்முதற் கற்பிக்கின்றோம். ஒரு தெய்வம் மற்றொரு தெய்வத்தை அடிக்கக் கண்ட பிள்ளைக்கு யாது சொல்வது? தந்தை செய்தது பிழையென்று சொன்னால் பிதிர்பக்தி கெடாதோ? பிழையன்றென்று சொன்னால் அறம் கெடாதோ?

இதற்கு விடை நம் பெரியபுராணத்திலேயே உண்டு. சேய்ஞலூரில் அவதரித்த விசாரசருமர் மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கஞ் செய்து பால் அபிடேகித்துப் பூசித்தபோது, தந்தையாகிய எச்சதத்தன் வந்து அடித்தான், பாற்குடத்தைக் காலாலிடறினான். தந்தையென்பது கருதித் தீமையை நன்மையென்று விசாரசருமர் கொள்ளவில்லை. இறைவன் அவரைத் தழுவி, இனி நாமே உனக்குத் தந்தை என்றருளிச் சண்டேசுர பதம் கொடுத்தான். தந்தையைத் தண்டித்த அச்செயலைப் பிள்ளைகள் பின்பற்றுக என்று எவருங் கூறார். அஃது அவ்வடியாரது அன்பின் முதிர்ச்சியில் நிகழ்ந்தது. நாம் கொள்ளவேண்டிய பொருள் வேறு. தந்தையென்னும் நிலை அறத்துக்கு மேற்பட்டதன்று என்பது ஒன்று. தந்தையால் நொந்த பிள்ளை தந்தையற்ற பிள்ளையாகாது, எல்லாவுயிர்க்குந் தந்தையாயுள்ளான் ஒருவன் உளன் என்பது மற்றொன்று. எச்சதத்தனும் அத்தண்டனையாலேயே குற்றம் நீங்கிச் சிவலோகம் சேர்ந்தான் என்று புராணங் கூறுதல் மூன்றாவதும் மிக நுட்பமானதுமாம்.

சித்தாந்தமும் இவ்வழியே நிற்கின்றது. உயிர் வேறு, அதனைப் பற்றிய மலம் வேறு. ஆணவத்தால் மறைப்புண்ட உயிர் தான் பெரிதென மயங்கி மெலியாரை வருத்துகின்றது. ஆதலால், 'உன் தந்தை செய்தது தீமை. அவரைப் பற்றியுள்ள நோய் அவரை அவ்வாறு செய்விக்கின்றது. அதற்கு அவரே பொறுப்பு. நீ பொறுப்பல்லை' என்று பிள்ளைக்குக் கூறலாம். இச்சொல்லில் பொய்யில்லை, வெறுப்புமில்லை. தந்தையை நேசிக்கவும் அவர் செயலை வெறுக்கவும் பிள்ளைக்கு ஒருங்கே இடங் கொடுத்தால், அதன் உள்ளம் இரண்டாகப் பிளவுபடாது. மலத்தின்மேற் பழியை ஏற்றி மனிதனை விடுவிக்கின்றீர்களோ எனின், அன்று. இறைவன் கருணை அறக்கருணை, மறக்கருணை என இருவகைப்படும். இன்சொல்லுக்கு இணங்காத மலத்தைத் தண்டனையால் தேய்த்தல் மறக்கருணை. தீங்கிழைப்பானைத் தடுத்தல் அவனுக்கும் செய்யும் கருணையே என்பது எச்சதத்தன் வரலாற்றால் விளங்கும்.

நம்நாட்டுச் சட்டத்தையும் அவ்வாறே கருதுதல் தகும். 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, துன்புற்றவர் நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவர்பொருட்டுப் பொலிசு உத்தியோகத்தரும் கோரலாம். துன்புற்றது பிள்ளையாயின் அதன்பொருட்டுப் பெற்றோரோ, பாதுகாவலரோ, அது யாருடன் வாழ்கின்றதோ அவரோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையால் அதிகாரம் பெற்றவரோ கோரலாம். நீதவான் உடனே இடைக்காலக் கட்டளையிட்டு, 14 நாளுக்குள் விசாரணையை வைத்து, 12 மாதம்வரை செல்லும் கட்டளை பிறப்பிக்கலாம். தீங்கிழைப்பவர் வீட்டுக்குள் வாராதபடி தடுக்கவும் ஆகும். இது மணமுறிவு வழக்கன்று; சிறையிலிடும் வழக்குமன்று; ஓங்கிய கையை நிறுத்தும் கட்டளை மட்டுமே. இதனை அறியாமையால் எத்தனையோ தாய்மார், பொறுத்தல் அல்லது பிரிதல் என்னும் இரண்டே வழி உண்டென எண்ணி மயங்குகின்றனர்.

இனி நோவைத் தீர்க்கும் முறை கூறுவாம். முதற்கண் வேண்டுவது அச்சமின்மை. அடி தொடர்ந்து விழும் வீட்டில் எம்மருந்தும் பலியாது. மழை பெய்துகொண்டிருக்க முற்றத்தில் நெல் உலர்த்துவாரில்லை. தடுத்தலோ, தாயும் பிள்ளையும் வேறிடத்தில் தங்குதலோ, சட்டத்தின் துணையோ, எவ்வாற்றாலேனும் அச்சம் நீங்கியபின்னரே உள்ளம் ஆறத் தொடங்கும்.

இரண்டாவது, பிள்ளைக்கு நிலையான ஒருவர் வேண்டும். அமெரிக்காவைச் சார்ந்த ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில், 1955-ஆம் ஆண்டிற் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து நோக்கிய எம்மி வேர்ணர் என்னும் அம்மையார், வறுமையும் குடியும் பூசலும் நிறைந்த இல்லங்களில் வளர்ந்தாருள் ஏறக்குறைய மூன்றிலொருவர் நல்ல நிலையினராய் வளர்ந்தமையைக் கண்டார். அவர்கள்பாற் காணப்பட்ட பொதுவான பேறுகளுள் ஒன்று, பாட்டியோ, தமக்கையோ, ஆசிரியரோ, யாரேனும் ஒருவர் மாறாத அன்போடு உடனிருந்தமை. நமக்கு இது புதிதன்று. திலகவதியார் வரலாறு இதுவேயன்றோ? தாய் தந்தையரை இழந்து, தமக்கு மணம்பேசிய கலிப்பகையாரும் போரில் மடியக் கேட்டு, உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பி அழுது வேண்டியமையால், அவன்பொருட்டே உயிர்தாங்கியிருந்தார். அத்தம்பியே பின்னர்த் திருநாவுக்கரசராய் உலகை உய்வித்தார். நொந்த ஒரு பிள்ளைக்கு ஒருவர் போகாதிருத்தலின் பயன் இத்துணைத்தென்று யாவர் அளக்கவல்லார்?

மூன்றாவது, பிள்ளையின் சொல்லைக் கேட்டல். சீகாழியில் மூன்றாண்டுப் பிள்ளையாராகிய ஆளுடையபிள்ளையாரின் கடைவாயிற் பால்வழியக் கண்ட தந்தையார், எச்சிற்பாலை ஊட்டினார் யாவரென்று வெகுண்டு சிறுகோல் ஒன்றை ஓங்கினார். பிள்ளையார் கைகாட்டிச் சொல்லியதைச் செவிமடுத்த அளவில் ஓங்கிய கோல் தாழ்ந்தது. பிள்ளை சொல்வதைக் கேட்டு நம்பும் பெரியவர் ஒருவர் உண்டாயின், பாதிநோய் அன்றே தீரும். வற்புறுத்தி வினவுதல் ஆகாது. பிள்ளை தானே பேச வருங்காலத்திற் பேச்சை மாற்றாது கேட்டு, இவ்வுண்மைகளை எளிய சொல்லிற் சொல்லுக: நடந்தது பிழை, அது உன்னால் நடந்ததன்று, பெரியவர்களைக் காப்பது உன் வேலையன்று, உன்னைக் காப்பது எங்கள் வேலை. ஒருமுறை சொன்னாற் போதாது. பிள்ளை மறுபடியும் மறுபடியும் கேட்கும், அலுக்காது சொல்லுக.

நான்காவது, நாளொழுங்கு. குறித்த நேரத்தில் உணவு, குறித்த நேரத்தில் உறக்கம், தவறாத பள்ளி, மாலையில் விளக்கேற்றித் திருநீறணிந்து ஒரு பதிகம். நாளை யாது நிகழுமென்று அறியாது நடுங்கிய உள்ளத்துக்கு, நாளையும் இவ்வாறே நிகழும் என்னும் உறுதியே பெருமருந்து. போரால் நொந்தாரிடை நெடுங்காலம் பணிசெய்த யாழ்ப்பாணத்து மனநோய் மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், அவரவர் சமயத்துக்குரிய திருநாமத்தை மெல்லச் செபித்தலையும் மூச்சுப் பயிற்சியையும் மனவமைதிக்கு உபாயமாகக் கையாண்டார்கள். திருவைந்தெழுத்தை ஓதுதல் வீட்டிலேயே செய்யத்தக்க இப்பயிற்சிக்கு மிக ஏற்றது. கண்ணை மூட அஞ்சும் பிள்ளை கண் திறந்தே ஓதலாம். தண்டனைபோல அதனை விதித்தல் கூடாது.

ஐந்தாவது, விளையாட்டு. பிள்ளை தன் நோவைச் சொல்லாற் கூறுதலினும் மண்ணாலும் வண்ணத்தாலுங் கூறும். மட்டக்களப்பில் 1996-ஆம் ஆண்டிற் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகன், அருட்தந்தை போல் சற்குணநாயகம் என்போர் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் நொந்த தமிழ், முஸ்லிம் சிறார் ஒருங்கு கூடிச் சித்திரமும் கதையும் கூத்துமாக உள்ளம் ஆறினர். அவ்வாறு ஒரு தோட்டம் அமைத்தற்கு நமக்கு வசதியில்லாதிருக்கலாம். ஒரு பெட்டி வண்ணக்கோலும், சிறிது களிமண்ணும், குறுக்கிடாத ஒரு மணிநேரமும் எவ்வீட்டிலும் அமையும்.

ஆறாவது, தாயைத் தாங்குதல். பிள்ளையைப் பிரித்தெடுத்துத் தனியே திருத்தமுயல்வதினும், தாயையும் பிள்ளையையும் ஒருங்கே வைத்து ஆற்றுதல் மேலானது. அமெரிக்காவில் அலிசியா லீபர்மன் என்னும் அம்மையாரும் உடனாய்வாளரும், இல்லத்து வன்முறையைக் கண்ட சிறு குழந்தைகளையும் அவர்தம் தாய்மாரையும், 75 இணைகளாக, ஆராய்ந்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தாயும் பிள்ளையும் ஓராண்டளவாய்ச் சேர்ந்து பெற்ற சிகிச்சை, பிள்ளையின் அச்சத்தையும் முரட்டுத்தனத்தையும் குறைத்தது. தாயின் நோவையும் தணித்தது. ஆகவே அத்தாய்க்கு ஒரு வேளைச் சமையலை நாம் செய்து கொடுப்பதும் பிள்ளைக்கு மருந்தே.

இவற்றால் ஆறாத நோவும் உண்டு. உறக்கமின்மையும், பேசாமையும், தன்னைத் தானே வருத்தலும் வாரக்கணக்கில் நீடிப்பின், மருத்துவரை நாடுதல் இழுக்கன்று. வத்தளையிலுள்ளார்க்கு றாகமைக் கொழும்பு வடக்குப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவு அணித்தே உளது. பொரளையிற் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் சிறுவர் மனநல மருத்துவர் உளர். சிறுவர் துன்பத்தை அறிவிக்க 1929 என்னும் இலக்கத்தையும், பெண்கள் துணைநாட 1938 என்னும் இலக்கத்தையும் தொலைபேசியில் அழைக்கலாம். கொழும்பில் 1987-ஆம் ஆண்டுமுதல் இயங்கும் 'விமன் இன் நீட்' என்னும் நிறுவனமும் சட்டத்துணையும் ஆறுதலும் அளிக்கின்றது.

செய்யத்தகாதனவுஞ் சில உள. நடந்ததை மறந்துவிடு என்று பிள்ளையை அதட்டற்க. தாய் பக்கமோ தந்தை பக்கமோ என்று வினவற்க. ஒருவர் சொல்லை மற்றவரிடம் கொண்டுசெல்லும் தூதாகப் பிள்ளையை ஆக்கற்க. இவற்றினும் முக்கியமானது ஒன்று. பூசல் நடந்த மறுநாட் பெரியோர் கூடிச் சமாதானம் செய்துவைக்கும்போது, அடிபட்ட மனைவியையும் அஞ்சிய பிள்ளைகளையுமே தந்தையின் காலில் விழச்செய்யும் வழக்கம் நம்மிடத்துண்டு. அஞ்சிய உயிரை அச்சத்தின் காலில் விழுத்துதல் வணக்கமாகாது. பணியவேண்டியவர் பிழை செய்தவரே.

அத்தந்தையையும் நாம் கைவிடுதல் கூடாது. அவருள்ளும் இளமையில் இதுவே கண்டு நடுங்கிய ஒரு பிள்ளை இருந்திருத்தல் கூடும். குடியை விடச் சிகிச்சையும், கோபத்தை ஆள ஆலோசனையும் அவர்க்கு வேண்டும். ஆயின் அவர் திருந்தும்வரை பிள்ளை காத்திருக்கவேண்டும் என்பது நியாயமன்று. திருந்தினேன் என்னுஞ் சொல்லாலன்றி, மாதக்கணக்காய் அடங்கிய கையாலேயே திருந்தினமை அறியப்படும். பிள்ளை மன்னித்தல் பிள்ளை விரும்புங்காலத்தில் நிகழட்டும். கேட்டு வாங்கும் மன்னிப்பில் அன்பில்லை.

சுற்றத்தார் இல்லாவிடத்துச் சுற்றமாவார் யாவர் என்று முன்னர் வினாவினோம். விடை: அடியார் கூட்டமே சுற்றம். கொழும்பிலும் வத்தளையிலும் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சந்நிதியிற் கூடுகின்றோம்; ஒருவர் முகத்தை ஒருவர் அறிவோம். அம்முகங்களுள் ஒன்று வாடியிருப்பதை உணர்தற்கு ஞானதிருட்டி வேண்டுவதில்லை. தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்துத் தலைவராய் விளங்கிய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) அவர்கள் ஆலயத்தைச் சார்ந்து துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நிறுவி, ஆதரவற்ற சிறுமியர்க்குத் தாயாயிருந்தார்கள். தேர்த்திருவிழாவும் அன்னதானமும் நடாத்தும் ஆலயம் இதனையுஞ் செய்யலாகும் என்பதற்கு அவர்கள் வாழ்வே சான்று.

ஆகவே ஆலய பரிபாலகர்க்கும் சைவ சபையார்க்கும் யாம் விண்ணப்பிப்பன இவை. அறநெறி வகுப்பு நடாத்துவோர்க்கு, நொந்த பிள்ளையின் குறிகளை அறியும் பயிற்சி கொடுக்க. ஆலய மண்டபத்தில் உற்சவ அறிவித்தலின் பக்கத்தே மேற்கூறிய தொலைபேசி இலக்கங்களையும் எழுதி வைக்க. அடைக்கலம் நாடி வந்த தாயை, நல்ல நாள் பார்த்து வீட்டிற்குத் திருப்பியனுப்பாது, அவளுக்கு அச்சமுண்டோ என்று முதலிற் கேட்க. இரவில் இரண்டு மணிநேரம் பிள்ளைகளை வைத்திருக்க இசைந்த குடும்பங்கள் சிலவற்றைத் தெரிந்து வைத்திருக்க. வீட்டிற் கையோங்குபவர் என்று அறிந்தும், பணமுடையார் என்பதுபற்றி ஒருவருக்குப் பரிவட்டங் கட்டி மரியாதை செய்யாதொழிக. அம்மரியாதையைக் கூட்டத்தின் நடுவே நின்று அவர் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கின்றது. சைவம் யார்பக்கம் நிற்கின்றதென்பதை அது அவ்விடத்திலேயே கற்றுக்கொள்ளும்.

அடுத்த முறை சுவருக்கப்பால் அழுகுரல் கேட்கும்போது, கதவைத் தட்டுவோமாக. உட்செல்ல அஞ்சினால், சீனி கேட்கும் பாவனையிலேனும் தட்டுவோமாக. தனியே தட்ட அஞ்சினால் இருவராய்ச் செல்வோமாக. கத்தியோ தடியோ உண்டென்று தெரிந்தால் பொலிசாரை அழைப்போமாக. அன்றிரவு அப்பிள்ளை, உலகத்தில் யாரோ ஒருவர் கேட்டார் என்று அறியும். அழுத பிள்ளையின் குரலைக் கேட்டு ஞானப்பால் ஊட்டுவித்த அம்மையப்பரின் அடியார் என்று நம்மை நாம் சொல்லிக்கொள்வதற்கு அதுவே அடையாளம்.

திருச்சிற்றம்பலம்.